கேட்டில் நிறுத்தப்பட்டவர்கள்: பி அண்ட் சி மில்லில் இருந்து ‘ஐடி பிளாக்’ வரை

வாணியம்பாடி என்றதும் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது தோலும் பிரியாணியும்தான். (பிரியாணிக்குப் பக்கத்து ஊரான ஆம்பூர் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது என்பது வாணியம்பாடிக்காரர்களின் தீராத வருத்தம்.) பாலாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் இருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர், பெங்களூர் சுமார் 150 கிலோமீட்டர். இப்படி இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஊரில், தோல் வேலை வேண்டாம் என்பவர்களும் தோல் வேலை கிடைக்காதவர்களும் கையில் எடுக்கக்கூடிய தொழில்களில் ஒன்று டிரைவர் வேலை. இன்று அந்த வேலையின் வாசல் ஒரு செல்போன் செயலி. காலையில் செயலியைத் திறந்தால் சவாரி வரும். ஒரு நாள் திறக்கும்போது ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்று வரும். டிரைவர்கள் பேச்சில் இதற்கு ‘ஐடி பிளாக்’ என்று பெயர்.

ஒருவனை வேலையில் இருந்து நிறுத்தும் முன் காரணம் சொல்லவேண்டுமா, அவன் பக்கத்துப் பேச்சைக் கேட்கவேண்டுமா என்பதுதான் இதில் உள்ள கேள்வி. இது செல்போனோடு பிறந்த கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தமிழ்நாட்டில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆனால் அந்த வரலாற்றைத் தொடங்குவதற்கு முன், இதே வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பை மூடுவது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

தோல் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கும் நீதிமன்றத்தின் முன் இருந்தது. அதற்கு முன் பத்தாண்டுகளாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தீர்ப்பிலும் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டுவிட்டு, 1996 நவம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு ஆலையை மூட உத்தரவிட்டால் அதன்மேல் மேல்முறையீடும் உண்டு. இதே வேலூர் விவகாரத்தில் உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்றுகூட ஒரு விரிவான தீர்ப்பு கொடுத்தது.

ஆற்றைக் கெடுத்தவர்களுக்கு இத்தனை அவகாசம் கொடுத்தது சரியா என்பது வேறு வாதம். பாலாற்றங்கரை விவசாயி அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுதான். முதலாளியின் பிழைப்பை நிறுத்த வேண்டுமென்றால் நோட்டீஸ் வேண்டும், காரணம் வேண்டும், கெடு வேண்டும், மேல்முறையீடு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூலிக்காரனின் பிழைப்பை நிறுத்தவும் அதெல்லாம் வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொள்வதற்குத்தான் நெடுங்காலம் ஆனது.

அந்தக் கதை சென்னை பெரம்பூரில் இருந்த பி அண்ட் சி மில்லில் தொடங்குகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்நின்றார்கள், திரு.வி.க.வும் தோள் கொடுத்தார். கூலி, சாப்பாட்டு இடைவேளை, மேலதிகாரிகளின் அடாவடி என்று பல குறைகள். அன்றைக்கு ஒரு தொழிலாளியை வெளியே அனுப்புவதற்கு நிர்வாகம் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. வேலைக்கும் ஆளுக்கும் இடையில் இருந்தது வெறும் ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் முறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நிர்வாகம் மில்லை மூடித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியபோது, வழக்குப் போட்டது தொழிலாளர்கள் அல்ல, மில் நிர்வாகம்! தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீதும் சங்கத்தார் மீதும் வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

சங்கத்துக்குச் சட்டம் வந்தது. தனி ஆளுக்கு? அதற்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்ததுதான் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டம். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு ஆலையும் தன் வேலை விதிகளை எழுதி, அரசு அதிகாரியிடம் காட்டி, சான்று வாங்கவேண்டும். எதெல்லாம் குற்றம், எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, தண்டனைக்கு முன் விளக்கம் கேட்கும் முறை என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். ‘மெமோ’, ‘என்கொயரி’ என்ற ஆங்கிலச் சொற்கள் தமிழ்நாட்டு ஆலைத் தொழிலாளியின் வாயில் புகுந்தது இந்த வழியில்தான். நூறு பேர் இல்லாத சின்னத் தோல் ஷாப்புகளுக்கு அது பொருந்தவில்லை. அங்கே மேஸ்திரி சொன்னதுதான் நிலையாணை.

எழுத்தில் விதி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் அது தவறு. அதற்கும் சாட்சி பி அண்ட் சி மில்தான். அந்த மில்லின் நிலையாணைகளில் 8(ii) என்று ஒரு விதி. அனுமதி இல்லாமல் தொடர்ந்து எட்டு வேலை நாட்கள் வராத தொழிலாளி, தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கருதப்படுவார். மெமோ இல்லை, என்கொயரி இல்லை. எட்டாம் நாள் முடிந்ததும் பெயர் பதிவேட்டில் இருந்து போய்விடும். விடுப்பில் ஊருக்குப் போன ஒரு தொழிலாளி, உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்றோடு தாமதமாகத் திரும்பி வந்தார். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. சட்டப் புத்தகங்களில் ‘வெங்கடையா வழக்கு’ என்று இருப்பது இதுதான். 1964-ம் ஆண்டுத் தீர்ப்பு அறிக்கைகளில் அதைப் பார்க்கலாம். விதி தெளிவாக இருக்கிறது, அதன்படி அவர் வேலையை விட்டவர் ஆகிறார், அவர் மனதில் விடும் எண்ணம் இருந்ததா என்று ஆராயத் தேவையில்லை என்று நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இந்த எட்டு நாள் விதியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மனிதர் யாரும் முடிவு எடுப்பதில்லை. ஒரு எண் தாண்டியதும் தண்டனை தானாக விழுகிறது. விழுந்தது தண்டனை என்றுகூடச் சொல்வதில்லை, ‘நீயே போய்விட்டாய்’ என்கிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பெரம்பூரில் அல்காரிதம் இருந்திருக்கிறது! ஸ்டார் இத்தனைக்குக் கீழே போனால், கேன்சல் செய்த சவாரி இத்தனை சதவீதத்துக்கு மேலே போனால் கணக்கு முடங்கும் என்ற இன்றைய ஏற்பாட்டுக்கு அந்த 8(ii)-ஐத் தாத்தா என்று சொல்லலாம்.

அந்தத் தாத்தாவை வீழ்த்த மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. வீழ்த்திய வழக்கு ஹரியானாவில் இருந்து வந்தது. டி.கே.யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ். அங்கேயும் அதே மாதிரி விதி. எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும். நிர்வாகம் அவர் வரவில்லை என்றது. தொழிலாளியோ, 1980 டிசம்பர் 3-ல் இருந்து தினமும் வந்தேன், கேட்டிலேயே தடுத்து நிறுத்திவிட்டார்கள் என்றார். எது உண்மை என்று விசாரித்தால்தானே தெரியும்? விசாரணைதான் இல்லையே! 1993 மே மாதம் உச்சநீதிமன்றம், வாழ்க்கை உரிமைக்குள் பிழைப்பு உரிமையும் அடக்கம், விதியில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆளைக் கேட்காமல் வேலையைப் பறிப்பது செல்லாது என்று தீர்த்தது. பாதிச் சம்பளப் பாக்கியோடு அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. இதை வக்கீல்கள் இயற்கை நீதி என்பார்கள். கோவலனை ஒரு வார்த்தை கேட்காமல் கொன்றதற்காகப் பாண்டியன் உயிரையே விட்டான் என்று படித்து வளர்ந்த தமிழர்களுக்கு இது புதிய தத்துவமாகத் தோன்றியிருக்காது.

நடுவில் வேறு சில படிகளும் ஏறப்பட்டிருந்தன. தனி ஒரு தொழிலாளியின் பணிநீக்கத்தையும் தொழில் தகராறாக ஏற்கும் 2ஏ பிரிவு 1965-ல் வந்தது. தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்றால் குறைக்கும் அதிகாரம் 1971-ல் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. அரசு வழக்கை அனுப்பிவைக்கும் வரை காத்திராமல், சமரசம் முறிந்ததும் தொழிலாளியே நேராக நீதிமன்றம் போகலாம் என்று 1988-ல் தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. மத்திய அரசு இதே வசதியைக் கொடுத்தது 2010-ல்தான். தமிழ்நாடு 22 ஆண்டுகள் முந்தியிருந்தது.

ஆனால் டிரைவர் பிரச்சினைக்கு மிகவும் தேவையான சட்டம் இவற்றில் எதுவும் இல்லை. தமிழ்நாடு 1981-ல் கொண்டுவந்த பிழைப்பூதியச் சட்டம்தான் அது. விசாரணை முடியும் வரை ஒருவரை இடைநீக்கம் செய்தால் முதல் 90 நாட்கள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாட்கள் முக்கால் சம்பளம், 180 நாளையும் தாண்டி இழுத்தடித்தால் முழுச் சம்பளம். விசாரணையைத் தாமதிக்கத் தாமதிக்கச் செலவு நிர்வாகத்தின் தலையில் ஏறும். சட்டம் எழுதியவர்களுக்கு ஆலை நிர்வாகங்களின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், செயலி நிறுவனங்கள் சொல்லும் ஒரு வாதம் வலுவானது. 2014 டிசம்பரில் டில்லியில் செயலி வழியாக அழைத்த காரில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அந்த டிரைவர் மீது முன்பே வழக்குகள் இருந்தும் முறையான சரிபார்ப்பு நடக்கவில்லை என்பது பிறகு வெளிவந்தது. அப்படி ஒரு புகார் வரும்போது, 14 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அதுவரை அவரைச் சவாரிக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. உடனே நிறுத்தத்தான் வேண்டும். இதை மறுக்கும் டிரைவர் சங்கம் இருந்தால் அது பொதுமக்கள் ஆதரவை இழந்துவிடும். ஆனால் ஆலைச் சட்டம் இதற்கு என்றைக்கோ விடை கண்டுபிடித்துவிட்டது. ஆபத்து என்றால் இன்றே இடைநீக்கம் செய், விசாரணை முடியும் வரை வயிற்றைக் காயப்போடாதே, விசாரித்த பிறகு முடிவு சொல். இடைநீக்கம் வேறு, பணிநீக்கம் வேறு. செயலியில் இந்த இரண்டும் ஒரே பொத்தானாகிவிட்டன.

ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தோல் ஆலையில் இடைநீக்கம் ஆனவருக்கு ஆலையின் இயந்திரத்துக்குத் தவணை கட்டும் கவலை இல்லை. கார் டிரைவருக்கோ இயந்திரமே அவர் கடனில் வாங்கியது. ஐடி பிளாக் ஆன மாதமும் பைனான்ஸ்காரருக்கு டியூ கட்டியாக வேண்டும். லைசென்ஸ் புதுப்பித்த படம் ஏறவில்லை, செல்பி பழைய போட்டோவோடு பொருந்தவில்லை, பயணி ஒருவர் கோபத்தில் ஒற்றை ஸ்டார் கொடுத்துவிட்டார் என்று காரணம் அற்பமாகவும் இருக்கலாம். பெரியதாகவும் இருக்கலாம். எது என்று சொல்லாதபோது மறுமொழி எப்படிச் சொல்வது?

இத்தனை சட்டம் இருந்தும் இவை டிரைவரைத் தொடாததற்குக் காரணம் ஒரே ஒரு சொல். அவர் ‘தொழிலாளி’ இல்லையாம், ‘பார்ட்னர்’ என்கிற பங்காளியாம். விரும்பினால் செயலியைத் திறக்கிறார், விரும்பாவிட்டால் மூடுகிறார், யாரும் மணி அடித்துக் கூப்பிடவில்லை, ஆகவே சுதந்திரமானவர் என்பது வாதம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் இந்த வாதத்தைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக்கொடுக்கும் பெண்கள் அங்கே பல ஆண்டுகளாக இதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நடுவில் ஒரு ஏஜென்ட். அவர் நாளை மூட்டையை இறக்காவிட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். மெமோ ஏது, என்கொயரி ஏது? ஆலைக்குள் இருப்பவருக்குக் கேட் உண்டு, அதனால் கேட்டில் நிறுத்தினார்கள் என்று வழக்காவது போடலாம். வீட்டில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

விரும்பும்போது வந்துபோகிறவர் தொழிலாளி ஆக முடியாது என்பது இந்தியச் சட்டப்படி அவ்வளவு உறுதியான கூற்றும் அல்ல. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற தையல் கடை வழக்கில், துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வந்துபோய், சில சமயம் வீட்டுக்கும் எடுத்துப்போய்த் தைத்தவர்களை வேலையாட்கள்தான் என்று உச்சநீதிமன்றம் 1973-ல் சொன்னது. தையல் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை கடைக்காரரிடம் இருந்ததை அது கவனித்தது. 1978-ல் கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கில், நடுவில் காண்டிராக்டர் நின்றாலும் தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்றார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஐடியை பிளாக் செய்யும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் சிலர் இந்தச் சொல் சண்டையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2021 ஜூலை 1 முதல், நியாயமான காரணம் இல்லாமல் செயலி டிரைவரின் கணக்கை முடக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அவர் தொழிலாளியா பங்காளியா என்ற கேள்விக்கே அது போகவில்லை. அடுத்த ஆண்டு வாஷிங்டன் மாநிலம் முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 பிப்ரவரி 26 முதல் நியாயமற்ற முடக்கத்தை எதிர்த்து அங்குள்ள தொழிலாளர் ஆணையத்தில் முறையிடலாம்.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது ஆம்ஸ்டர்டாம் தீர்ப்பு. மோசடி செய்ததாகக் கணக்கு முடக்கப்பட்ட சில ஊபர் டிரைவர்கள், முடிவை எடுத்தது மனிதனா கம்ப்யூட்டரா என்று கேட்டு ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். எங்கள் ஊழியர்கள் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள் என்றது நிறுவனம். அந்த ஊழியர்களின் பங்கு வெறும் பெயரளவுக்கானது என்று ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரல் 4 அன்று சொல்லிவிட்டது. யாதவ் வழக்கை அந்த நீதிபதிகள் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனி மீண்டும் நெடுஞ்சாலைக்கு. வாணியம்பாடியில் இருந்து மேற்கே போனால் கர்நாடகம். அங்கே 2025 மே மாதம் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டில் சட்டமன்றத்தில் நிறைவேறிய செயலித் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. எழுத்துமூலம் காரணம் சொல்லாமல், 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஒருவரை நீக்கக்கூடாது என்கிறது அது. எந்தெந்தக் காரணங்களுக்காகக் கணக்கை முடக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். 1946 நிலையாணைச் சட்டத்தின் வாடை இதில் அடிக்கிறதல்லவா? கிழக்கே சென்னைக்குப் போனால், 2023 டிசம்பரில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு இணையவழித் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமண உதவி போன்றவற்றுக்கான வாரியம் அது. உதவிகள் தேவையானவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் முடக்கிய கணக்கைத் திறக்கச்சொல்லி உத்தரவிடும் தொழிலாளர் நீதிமன்றத்தின் வேலை அதனுடையது அல்ல. 1988-ல் மத்திய அரசை 22 ஆண்டுகள் முந்திய மாநிலம், இந்த விஷயத்தில் பக்கத்து மாநிலத்துக்குப் பின்னால் வருவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

டில்லியில் இருந்து வந்ததும் பெரிய ஆறுதல் தரவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான தொழிலுறவுத் தொகுப்பு, 1946, 1947 சட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இடைநீக்கம் செய்தால் 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கவேண்டும், அதுவரை பாதிச் சம்பளம் தரவேண்டும் என்கிறது. ஆனால் நிலையாணைகள் இனி 300 பேர் இருக்கும் ஆலைகளுக்குத்தான். நூறு பேர் இல்லாததால் அன்று விடுபட்ட தோல் ஷாப்புகளோடு, இப்போது நூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்டவையும் சேர்ந்துகொண்டன. இன்னொன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில்தான் செயலி டிரைவர் முதன்முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறார். அவருடைய சமூகப் பாதுகாப்புக்காக நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் தரவேண்டும் என்றும் இருக்கிறது. அதே தொகுப்பில் அவருக்குக் கொடுத்திருக்கும் இலக்கணம், வழக்கமான முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் என்பது. அந்த ‘வெளியே’ என்ற சொல்லால், அதே நாளில் நடைமுறைக்கு வந்த பக்கத்துத் தொகுப்பின் 90 நாள் விசாரணையும் பாதிச் சம்பளமும் அவருக்கு எட்டவில்லை.